இராஜாங்கம் மணி கேட்ட நாள்

என் தங்கச்சி வேம்புவின் கழுத்து இடது பக்கம் திரும்பாது. முப்பது வருடமாகத் திரும்பவில்லை. கும்பகோணத்தில் இரண்டு டாக்டர்கள், தஞ்சாவூரில் ஒருவர், எண்ணெய் போட்டு நீவிவிடுகிற வைத்தியர் ஒருவர் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எலும்பில் கோளாறு இல்லை, நரம்பிலும் இல்லை என்றார்கள். கோளாறு எதில் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கோளாறு அவள் புருஷன் இராஜாங்கத்தில்.

வேம்பு எனக்குச் சித்தப்பா மகள். கல்யாணம் செம்பனார்கோயிலில், அவள் வீட்டுப் பந்தலில் நடந்தது. மணையில் உட்கார வைக்கும்போதே அத்தைமார்கள் சொல்லிவிட்டார்கள்: மாப்பிள்ளை இடப்பக்கம் வந்து உட்காருவார், அந்தப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்த்துவிடாதே, ஊர் சிரிக்கும். அவளும் கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. நல்ல நேரம் போயிற்று. அடுத்த நல்ல நேரமும் போயிற்று. நாதஸ்வரக்காரர் தனக்குத் தெரிந்த ராகத்தை எல்லாம் வாசித்து முடித்து, தெரியாத ராகங்களுக்குள் போய்விட்டார். சமையல்காரர்கள் பசி தாங்காமல் தாங்களே முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

இராஜாங்கம் எங்கே இருந்தான் என்றால் மாயவரத்தில். சோடா குடிக்க வேனை நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் ஒருவன் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். இவன் தலைப்பாகையும் மாலையுமாக அங்கே போய் நின்று, ‘இதோ வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, மோட்டார் ஓடி ஊற்றித் தள்ளுகிறவரை பார்த்துவிட்டுத்தான் வந்தான். வந்தவன் முகத்தில் குற்ற உணர்ச்சி என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. என்னைப் பார்த்து, “என்ன மச்சான், நேரமாயிடுச்சா?” என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல் கேட்டான். தாலி ஏறுகிறபோது வேம்புவின் கழுத்து இறுகிப்போயிருந்தது. அன்றோடு சரி.

அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் அவன் வயலைப் போல வயல் கிடையாது. ஒரு காரியத்தில் இறங்கினால் அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவனுக்கு இல்லை. மற்றவர்களுக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருக்குமல்லவா, போதும் எழுந்திரு, போதும் எழுந்திரு என்று? அவனுக்கு அது தட்டவே தட்டாது. ஒருமுறை மடைப்பலகையைத் தூக்கிவிட்டு, தண்ணீர் பாய்கிற அழகைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றான். மடையான் கொக்கு ஒன்று அவனைக் கம்பம் என்று நினைத்துத் தோளில் உட்கார்ந்து மீன் தின்றது. வரப்போரத்துப் பாகல் கொடி அவன் கைலியைப் பிடித்து இடுப்புவரை ஏறிப் பூத்துவிட்டது. காய் விடுவதற்குள் வேம்பு போய் அழைத்து வந்தாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். பூ மஞ்சள் நிறம்.

காலையில் முதல் பஸ்ஸுக்கு என்று கிளம்புவான், கடைசி பஸ்தான் வரும். அதுதான் முதல் பஸ் என்று ஏறிக்கொள்வான். மாமனார் வாங்கிப் போட்ட கைக்கடிகாரம் ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதுவும் தோன்றினால் ஓடும், தோன்றாவிட்டால் நிற்கும்.

இப்படி முப்பது வருடம். மகள் எழில்மொழி பிறந்தது, படித்தது, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போனது எல்லாமே அவன் ‘இதோ வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்த நேரத்தில் நடந்தவைதான். வேம்பு சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வலது பக்கம்தான் திரும்பும் என்பதால், தெருவின் வலதுகோடியிலிருந்து அவன் வந்தால் முன்னாலேயே தெரியும். இடதுகோடியிலிருந்து வந்தால் அவள் எழுந்து திரும்பி நிற்க வேண்டும்.

போன தை மாதம் இராஜாங்கத்துக்கு அறுபது முடிந்தது. எழில்மொழி அதற்கு ஒரு மாதம் முன்பே லீவு போட்டுவிட்டு வந்து, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். ஊரில் நிலம் வைத்திருந்தவர், வயலில் வேலை பார்த்தவர் எல்லோரும் இப்போது அங்கே போய்த்தான் இரண்டாவது முறை தாலி கட்டுகிறார்கள். நானும் கட்டியிருக்கிறேன். இராஜாங்கத்துக்கும் சந்தோஷம். அரிசி புடைத்துக்கொண்டிருந்த வேம்பு மட்டும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“செய்யி. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை நான் மணையில உக்காந்துக்கிட்டு இந்த மனுசனுக்குக் காத்திருக்க மாட்டேன். அவர் அங்க வந்து உக்காந்துட்டார்னு யாராவது கண்ணால பாத்துச் சொன்னாத்தான் நான் கோயிலுக்குன்னு வாசப்படியவே தாண்டுவேன். இல்லன்னா கல்யாணமும் வேணாம் கச்சேரியும் வேணாம்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பால் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். எங்கள் சித்தப்பா வீட்டில் அந்தக் குரலில் சொன்னால் சொன்னதுதான்.

இராஜாங்கம் சிரித்து மழுப்பப் பார்த்தான். “திருக்கடையூர்ல என்னாடி நடந்துச்சு? மார்க்கண்டனுக்காக எமன் சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்தான். கடைசில உதை வாங்குனவன் யாரு?”

“எமனோட பொண்டாட்டி மணையில காத்துக்கிட்டு இருக்கல” என்றாள் வேம்பு.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எழில்மொழிதான் அப்பாவுக்காகப் பேசினாள். இது திமிரும் இல்லை, அலட்சியமும் இல்லை, சில பேருக்கு நேரம் போகிறது என்பதே உள்ளே உறைக்காது, பார்வைக் குறைவு மாதிரி இதுவும் ஒரு குறை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை விளக்கினாள். அத்தோடு நிறுத்தாமல், தனக்கும் அதே குறை இருக்கிறது என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் ஒரு மருந்து கொடுக்க அரை நிமிடம் தவறினாள் என்று ஒரு பேச்சு கிடையாது.

“எனக்கும் தெரியாதுப்பா. தெரியாதுன்னு எனக்குத் தெரியும், அவ்ளோதான். அதனால எனக்குள்ள தோணுறதை நம்பறதில்ல. நேரத்தைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் எந்த வேலையும் செய்வேன்.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கடிகாரத்தை எடுத்தாள். அதில் முள் கிடையாது. ஒரு சிவப்பு வட்டம். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுக்குத் திருகி வைத்தால் வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, தீர்ந்ததும் மணி அடிக்கும். இராஜாங்கம் அதை உள்ளங்கையில் வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். அறுபது வயதில் முதன்முறையாக நேரம் நகர்வதைப் பார்க்கிறான். “அட, போவுதே” என்றான். வட்டம் தீர்கிறவரை பார்த்தான். மறுபடியும் திருகி, அதையும் பார்த்தான். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரவேயில்லை. நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது.

அதைக் கண்டு வேம்பு உடைந்துவிட்டாள். அன்று சாயந்திரம் நான் அங்கேதான் இருந்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“நாத்து விடுற நாளை என்னைக்காச்சும் தப்ப விட்டிருக்கீங்களா? ஆத்துல தண்ணி வர்ற சேதி மத்தவங்களுக்குத் தெரியறப்பயே நம்ம வீட்ல வெத ஊறியிருக்கும். பயிருக்கு இருக்கற மரியாதைல பாதி எனக்கு இல்லையே, ஏன்?”

அவன் சிவப்பு வட்டத்தைத் திருகாமல் கீழே வைத்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: “பயிருக்கு நான் வெதைக்கிற நாள்லேர்ந்து எண்றதில்ல வேம்பு. அறுப்புலேர்ந்து பின்னால எண்ணிக்கிட்டு வருவேன். எப்ப அறுக்கணும்னு தெரிஞ்சா எப்ப வெதை ஊறணும்னு தெரிஞ்சுடும்.”

சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்தான். மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றான். மச்சான், தாலி கட்டுறதை அறுப்புன்னு வச்சுக்குவோம் என்று ஆரம்பித்தான். கலச அபிஷேகம் கதிர் முற்றுவது. ஹோமம் பூட்டை என்கிற இளங்கதிர் வெளியே வருவது. திருக்கடையூருக்கு வண்டியில் போவது நடவு. குளியல் நாற்றங்கால். கண் விழிப்பது விதை ஊறப்போடுவது. எனக்கு விதை ஊறப்போடுற நேரம் ஒண்ணு தெரிஞ்சாப் போதும், மிச்சம் தானா வரும் என்றான். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வயலைப் பற்றிப் பேசும்போது வருகிற அந்த முகம் வந்துவிட்டது.

நான் எத்தனையோ பேர் புத்திசாலித்தனத்தைப் பார்த்திருக்கிறேன். இது வேறு ரகம். பருவத்தைக் கணக்காகப் பார்க்கத் தெரிந்த மனிதன், நாழிகை தெரியவில்லையே என்று உட்கார்ந்து அழாமல், ஒரு நாளையே ஒரு போகமாக ஆக்கிவிட்டான்.

ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே அளந்தான். பல் விளக்கச் சிவப்பு வட்டத்தில் கால்வாசி என்று நினைத்தான், நாலு வட்டம் ஆயிற்று, ஏனென்றால் நடுவில் எறும்பு வரிசையைப் பார்த்திருக்கிறான். குளியலுக்கு அவன் கண்டுபிடித்த வழி இன்னும் நேர்த்தி. மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவான். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டால் குளியல் நீண்டுவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் வழிந்த தண்ணீரில் எதிர்வீட்டுக் கத்தரிக்காய்ப் பாத்தி பாய்ந்தது. மூன்றாம் நாள் எங்கள் தெருக்கோடிக் குட்டையில் தவளை கத்தியது. ஒரு வாரத்தில் தொட்டி நிரம்புவதற்குள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றான். எதிர்வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

செல்போனை ஒரு தகர டப்பாவில் போட்டுப் பூட்டிச் சாவியை வேம்புவிடம் கொடுத்துவிட்டான். அது கையில் இருந்தால் நேரம் கண்ணில் படாது என்று எழில்மொழி சொல்லியிருந்தாள்.

போகிற வழியையும் அளந்தான். பஸ் ஏறித் திருக்கடையூர் போய், கோயில் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி போனான். மறுபடியும் போனான். இந்தக் கல்யாணத்துக்கு ஹோமம் செய்யப் பேசி வைத்திருந்த சாமா சாஸ்திரிகள் முதல் தடவை பதறி, முகூர்த்தம் அடுத்த மாசம்னா என்றாராம். இவன் ஒத்திகைக்கு வந்தேன் என்று விளக்கியிருக்கிறான். மூன்றாவது தடவை அவரே, வாங்கோ, ஒத்திகையா, அந்தத் தூண்கிட்ட உக்காருங்கோ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்தப் பழக்கம்தான் பின்னால் எங்களைப் படுத்தியது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, எங்கள் யாருக்கும் அவன் மேல் நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பழகியவர்களுக்கு ஒரே மாதத்தில் எப்படி வரும்? தாலி கட்ட நேரம் காலை பத்து மணி. வேம்பு எழில்மொழியைக் கூப்பிட்டு, உங்கப்பாகிட்ட எட்டுன்னு சொல்லிவை என்றாள். எழில்மொழி எட்டு என்றால் பத்தாது என்று யோசித்து, ஏழு என்று அப்பாவிடம் சொல்லிவிடும்படி என்னிடம் சொன்னாள். அம்மா ஏற்கெனவே குறைத்த கதை அவள் வாயிலிருந்து எனக்கு வரவில்லை. நான் யோசித்தேன். நான் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் என்பதால், வேன் ஓட்டுகிற தௌபீக்கைப் பிடித்து, தம்பி, மாமாகிட்ட ஆறுன்னு சொல்லிடு, வண்டிக்காரன் சொன்னா நம்புவாரு என்றேன். தௌபீக் அனுபவசாலி. எத்தனையோ கல்யாண வண்டி ஓட்டியவன். அவன் தன் பங்குக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டு, விடியறப்ப முகூர்த்தம் மாமா, ஐயர் கண்டிப்பா சொல்லிட்டாரு என்று இராஜாங்கத்திடம் சொல்லிவிட்டான்.

நாங்கள் நாலு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவனைக் காப்பாற்றினோம்.

கல்யாணப் பெண் பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று வேம்புவின் தம்பி நாகநாதன் பிடிவாதம் பிடித்து, முதல் நாளே அவளையும் எழில்மொழியையும் செம்பனார்கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டான். காலையில் நானும் தௌபீக்கும் மாப்பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு போவது என்று ஏற்பாடு.

நல்ல பனி. வேனை எடுத்துக்கொண்டு இராஜாங்கம் வீட்டு வாசலுக்குப் போனால், வீடு பூட்டிக் கிடந்தது. பட்டுவேட்டியைக் காணோம். ஆளைக் காணோம். தொட்டி வழியவில்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

தௌபீக் என்னைப் பார்த்தான். நான் தௌபீக்கைப் பார்த்தேன். இரண்டு பேர் மனதிலும் ஒரே நினைப்புத்தான். மேலத்தெரு வயலில் அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. பட்டுவேட்டியோடு அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். ஓடினோம். மெஷின் பனி காய்வதற்காக வரப்போரம் சும்மா நின்றது. டீக்கடையில் இல்லை. மடையில் இல்லை. பம்புசெட்டில் இல்லை. வரப்பில் நின்ற ஒரு கம்பத்தைக்கூடப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். கம்பம்தான்.

வேறு வழியில்லாமல் எழில்மொழிக்குப் போன் போட்டேன். அவள் மறைத்துப் பேசப் பார்த்தாள். வேம்பு போனை வாங்கிவிட்டாள்.

“இல்லையா?”

“தேடிக்கிட்டு இருக்கோம் வேம்பு.”

“சரிண்ணே” என்றாள். அவ்வளவுதான். போன் வைக்கிற சத்தத்துக்கு முன்னால், தலையிலிருந்து பூவை எடுத்துத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. பூ வைத்தால் சத்தம் கேட்காது என்று சொல்வீர்கள். எனக்குக் கேட்டது.

நாங்கள் செம்பனார்கோயில் போய்ச் சேர்ந்தபோது அவள் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூறைப்புடவை கட்டியிருந்தாள், தலையில் பூ இல்லை. நாகநாதன் கெஞ்சிப் பார்த்தான். கோயில் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் அக்கா, அங்க வந்துடுவாரு என்றான். அவள் அசையவில்லை. சொன்னது சொன்னதுதான். யாராவது கண்ணால் பார்த்தீர்களா? இல்லை. எழில்மொழி ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்காகவா அம்மாவுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து மணி எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

அப்போது என் போன் அடித்தது. சாமா சாஸ்திரிகள்.

“ஏன் ஓய், பொண்ணு எங்கே? நேரமாறது.”

“மாப்பிள்ளையே காணோமே சாமி” என்றேன்.

“என்ன ஓய் விளையாடறீர்? அவர் விடியறதுக்கு முன்னாடியே வந்து தூண்கிட்ட உக்காந்திருக்கார். ஒத்திகைக்கு வந்திருக்கார்னு நினைச்சுண்டு நானும் பேசாம இருந்துட்டேன். இப்பத்தான் தேதியைப் பாத்தேன்.”

போனை ஸ்பீக்கரில் போட்டேன். சாஸ்திரிகளை மறுபடியும் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: “பாவமா இருக்கு ஓய். வந்ததுலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணி என்ன, மணி என்னன்னு என்னைத் துளைச்சு எடுக்கறார்.”

வேம்பு மெதுவாக எழுந்தாள். “என்ன கேக்குறாராம்?” என்றாள்.

“மணி கேக்குறாராம்” என்றேன்.

தட்டிலிருந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே அவள்தான் முதலில் வாசலைத் தாண்டினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

செம்பனார்கோயிலிலிருந்து திருக்கடையூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் தை மாதத்தில் எங்கள் பக்கத்து ரோட்டில் யார் போகிறார் என்பதைப் பொறுத்தது தூரம். எங்களுக்கு முன்னால் ஒரு அறுவடை மெஷின் போனது. ரோடு முழுக்க அது. அது ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டு, ஆட்டுக்குட்டியின் அம்மாவுக்கும் வழிவிட்டுப் போயிற்று. ஜன்னல் வழியாக வேலிப் பூவரசில் ஒரு மொட்டைப் பார்த்தேன், தாண்டும்போது அது விரிந்திருந்தது. வேம்புவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழ்நாளில் எங்கேயும் தாமதமாகப் போகாதவள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மணி கேட்டாள். அவர் எழுந்து போயிருவாரு, அவருக்குப் பழக்கமில்ல, காத்துக்கிட்டிருக்க அவருக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் தௌபீக்கின் சீட்டைத் தட்டி, “ஹாரனை விடாம அடி தம்பி” என்றாள். அந்த ஹாரனில் மெஷின் தானாக வயலுக்குள் இறங்கிக்கொண்டது.

கோயிலுக்குள் அன்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மாலையும் கழுத்துமாக அறுபது, எண்பது வயதுக் கல்யாணம். புகை. அந்தக் கூட்டத்தில் தூணோரமாகப் பட்டுவேட்டி கட்டி, சந்தனம் காய்ந்து உதிர, இராஜாங்கம் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் சிவப்பு வட்டம். தனியாக உட்கார்ந்திருந்த கிழ மாப்பிள்ளையைப் பார்த்து, வேறு வேறு வீட்டு ஆட்கள் தங்கள் சித்தப்பா என்று நினைத்து வரிசையாகக் காலில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். இவனும் மறுக்காமல், நேரத்தோட போய்ச் சேருங்க என்று எல்லோரையும் ஆசீர்வாதம் செய்திருக்கிறான். அதில் வேதாரண்யத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அன்றைக்கு எங்கும் நிற்காமல் வீடு போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆனால் நான் பார்த்தபோது அவன் ஆசீர்வாதம் செய்யவில்லை. சுருங்கிப் போயிருந்தான். விடியலில் முகூர்த்தம் என்று நினைத்து, வேனுக்குக் காத்திராமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன். விடிந்தது, வெயில் ஏறியது, அவள் வரவில்லை. முகூர்த்தம் போய்விட்டதா என்று சாஸ்திரிகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லையாம். மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வருடத்துக்கும் சேர்த்து வேம்பு தன்னை ஒரேயடியாக உட்கார வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறான். அப்படியும் எழுந்து போகவில்லை. பக்கத்தில் ஹோமக் குண்டத்துக்குச் செங்கல் அடுக்கியதை, யானை மாலை வாங்கியதை, வழக்கமாக அவன் அரை நாள் நின்று பார்க்கிற எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேம்பு அவன் முன்னால் போய் நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“நேரமாயிடுச்சா?” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். எழுந்திருக்க முயன்று, கால் மரத்துப் போயிருந்ததால் முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டான்.

“ரொம்ப நேரமாயிடுச்சு வேம்பு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “காத்துக்கிட்டு இருந்தா இவ்ளோ நேரமாவா இருக்கும்?” என்று கேட்டான்.

“இருக்கும்” என்றாள் அவள்.

“தெனமுமா?”

“சோறு ஆறுற வரைக்கும்.”

அவன் தலையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டு, நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைதான்.

சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார். ஹோமம் ஆயிற்று, கலசத் தண்ணீரை நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று இரண்டு பேர் தலையிலும் ஊற்றினோம். நனைந்த துணியை மாற்றிக்கொண்டு வந்ததும் வேம்புவை அவன் வலப்பக்கம் உட்கார வைத்தார். சொன்ன பத்து மணிக்கு, ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை, தாலி ஏறியது. அறுப்பு நல்லபடியா முடிஞ்சுது மச்சான் என்று இராஜாங்கம் என் பக்கம் குனிந்து சொன்னான். நான்கு பேரும் நேரத்தைக் குறைத்துச் சொன்ன விஷயத்தை அன்றைக்கு அவனிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. அவன் அன்று நாலரை மணி நேரம் முன்னால் வந்ததைத் தான் காதில் வாங்கியதிலோ கணக்கிலோ ஏற்பட்ட சின்னப் பிழை என்று நினைத்து, இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறான். இப்போது ஊரில் டிராக்டர் வாடகைக்கு வருகிற நேரத்தைக்கூட அவனைத்தான் கேட்கிறார்கள்.

எல்லாம் முடிந்து வேம்பு தூணோரம் உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளிப்பிராகாரத்தில் யாரோ மோர் கொடுக்கிறார்கள் என்று எழில்மொழி சொன்னாள். உடனே இராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “இதோ வர்றேன்” என்றான்.

எங்கள் நாலு பேர் முகமும் ஒரே நேரத்தில் வாடியது. அவன் இரண்டு அடி போய், திரும்பி வந்து, இடுப்பிலிருந்து சிவப்பு வட்டத்தை எடுத்துக் கொஞ்சமாகத் திருகி அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். வட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. வழியில் யானை நிற்கிறது, அதற்கப்புறம் நாதஸ்வரம், அதற்கும் அப்புறம் ஒருவன் மைக்செட் ஒயரைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும், வரும்போதே பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

வட்டம் பாதி தேய்வதற்கு முன் இடது பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. வேட்டி தடுக்கத் தடுக்க, டம்ளரில் இருந்த மோரில் பாதியைக் கையில் சிந்திக்கொண்டு இராஜாங்கம் ஓடி வந்தான்.

வேம்பு திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, உடம்பைத் திருப்பவில்லை, கழுத்தை மட்டும்தான் திருப்பினாள். இடது பக்கம்தான். சந்தேகம் இருந்தால் சாமா சாஸ்திரிகளைக் கேட்டுக்கொள்ளலாம், அவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.